உளவியல், நரம்பறிவியல் இளநிலைப் பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு வெளிநாட்டு மாணவியின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். உளவியலும் நரம்பறிவியலும் இணைந்த இளநிலைப் பட்டப் படிப்பின் இறுதி ஆண்டில் இருக்கும் வெளிநாட்டு மாணவி நான். மனித மனத்தை அளக்கும்போது யாரை அளக்கிறோம், எந்த மொழியில் அளக்கிறோம், கையில் இருக்கும் அளவுகோல் யாருக்காகச் செய்யப்பட்டது என்ற மூன்று கேள்விகளைக் கேட்காமல் எந்த முடிவுக்கும் வரக் கூடாது என்று முதல் பருவத்திலேயே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள். அந்த மூன்று கேள்விகளையும் நீங்கள் வகுக்கும் பாடத்திட்டத்தின் மீதும், நடத்தும் தேர்வின் மீதும், எங்களைப் போன்றோரைச் சேர்த்துக்கொள்ளும்போது தரும் கையேட்டின் மீதும் ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இந்த மடலை எழுதுகிறேன். இதே படிப்பில் சேரவிருக்கும் மாணவர்களும் படிக்கட்டும் என்றுதான் திறந்த மடலாக எழுதுகிறேன். தனியாக அனுப்பிய இரண்டு மின்னஞ்சல்களுக்கு வந்த பதில்கள் மிகக் கனிவாக இருந்தன. அதன் பிறகு எதுவும் நடக்கவில்லை.

வெளிநாட்டு மாணவர் என்பவர் இத்துறைக்குப் பிற்காலத்தில் வந்து சேர்ந்த விருந்தாளி என்ற எண்ணம் அலுவலகங்களில் மட்டுமல்லாமல் ஆசிரியர் அறைகளிலும் இருக்கிறது. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1879ஆம் ஆண்டு லைப்சிக் பல்கலைக்கழகத்தில் வில்ஹெல்ம் வுண்ட் தொடங்கிய ஆய்வுக்கூடத்தையே நம் துறையின் பிறப்பிடமாக எல்லாப் பாடநூல்களும் காட்டுகின்றன. அங்கே படிக்க வந்தவர்களின் பெயர்களைப் பாருங்கள். அமெரிக்காவிலிருந்து ஜேம்ஸ் மக்கீன் கேட்டல் வந்தார். இங்கிலாந்திலிருந்து எட்வர்ட் டிச்சனர் வந்தார். ரஷ்யாவிலிருந்து விளாதிமிர் பெக்தெரெவ் வந்தார். பிற்காலத்தில் பெய்ஜிங் பல்கலைக்கழகத்துக்குத் தலைமை ஏற்ற சாய் யுவான்பெய்கூட அங்கே வுண்டின் விரிவுரைகளைக் கேட்டவர்தான். தாய்மொழி அல்லாத மொழியில் குறிப்பெடுத்து, அறிமுகமில்லாத ஊரில் அறை தேடி, ஊர் திரும்பிய பிறகு தம் நாட்டில் இந்தத் துறையை நட்டவர்கள் இவர்கள்.

இவர்களுள் கேட்டல் செய்த ஓர் அளவீட்டை நீங்கள் மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன். ஒரு சொல்லைக் கண்டு வாசிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று அவர் தம்மையே அளந்து 1886இல் வெளியிட்டார். முடிந்த அளவு வேகமாக வாசித்தபோது, தாய்மொழியான ஆங்கிலத்தில் ஒரு சொல்லுக்கு ஆயிரத்தில் 138 பங்கு நொடி ஆனது. பிரெஞ்சில் 167, ஜெர்மனில் 250, இத்தாலியத்தில் 327, லத்தீனில் 434, கிரேக்கத்தில் 484. ஜெர்மனியில் தங்கி, ஜெர்மன் மொழியிலேயே பாடம் கேட்டு, முனைவர் பட்டமும் பெற்றவருக்கே அந்த மொழியின் ஒரு சொல்லை வாசிக்கத் தாய்மொழியைப் போல ஏறக்குறைய இருமடங்கு நேரம் தேவைப்பட்டிருக்கிறது. அதைவிட நுட்பமான இன்னொன்றையும் அவர் குறித்துவைத்தார்: அந்நிய மொழியைத் தாம் மெதுவாக வாசிக்கிறோம் என்பது வாசிப்பவருக்கே தெரிவதில்லை, வெளிநாட்டவர்கள் வேகமாகப் பேசுவதுபோல நமக்குத் தோன்றுவதும் இதனால்தான்.

இந்த இடத்தில்தான் என் முதல் கோரிக்கை தொடங்குகிறது. முதலாண்டு முடிவில் உளவியல் அடிப்படைகள் தாளில் அறுபது நிமிடத்தில் அறுபது பலவிடைத் தேர்வு வினாக்களுக்கு விடையளித்தோம். ஒவ்வொரு வினாவும் ஒரு சிறு கதை. கதையைப் படித்து அதற்குள் மறைந்திருக்கும் கருத்தை அடையாளம் காண வேண்டும். வலுவூட்டல் முறைகள் பற்றிய வினா ஒன்று இன்றும் என் நினைவில் இருக்கிறது. உள்ளூரில் எல்லாருக்கும் பழக்கமான ஒரு விளையாட்டில் ஒருவர் புள்ளி பெறுவதை விவரித்து, அது எவ்வகை வலுவூட்டல் என்று கேட்டிருந்தார்கள். குறிப்பிட்ட எண்ணிக்கையிலான முயற்சிக்குப் பின் பரிசு வந்தால் அது ஒரு வகை. குறிப்பிட்ட காலம் கடந்த பின் வந்தால் இன்னொரு வகை. எண்ணிக்கையோ காலமோ மாறிக்கொண்டே இருந்தால் வேறு இரண்டு வகை. இந்த நான்கையும் வரைபடத்தோடு விளக்க எனக்குத் தெரியும். அந்த விளையாட்டில் புள்ளி எதனால் கிடைக்கிறது, அடித்த எண்ணிக்கையாலா, கடந்த நேரத்தாலா என்பது மட்டும் தெரியாது. நான்கு நிமிடம் அந்த ஒரே வினாவோடு மல்லுக்கட்டிவிட்டு, கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். அந்த வினா அளந்தது வலுவூட்டல் பற்றிய என் அறிவையா, அந்த விளையாட்டோடு எனக்கிருந்த பழக்கத்தையா? அளவீட்டின் ஏற்புடைமை, அதாவது ஒரு சோதனை அளக்க நினைத்ததைத்தான் அளக்கிறதா என்பது பற்றி நீங்களே ஒரு முழு வாரம் பாடம் நடத்தியிருக்கிறீர்கள். அந்தப் பாடத்தின்படி இந்த வினா தேறாது.

நரம்பறிவியல் பக்கம் இப்படி இல்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணவாய் மீனின் தடித்த நரம்பிழையில் அளந்து 1952இல் எழுதிய சமன்பாடுகளைப் புரிந்துகொள்ள எந்த ஊரில் வளர்ந்திருந்தாலும் ஒரே அளவு தலைவலிதான். ஓய்வுநிலையில் நரம்பணுவின் உட்புறம் ஏறத்தாழ −70 மில்லிவோல்ட் என்பதும், சோடியம் வாயில்கள் திறந்தால் என்ன நடக்கும் என்பதும் கடவுச்சீட்டைப் பார்த்து மாறுவதில்லை. முதலாண்டில் என் நரம்பறிவியல் மதிப்பெண் உளவியல் மதிப்பெண்ணைவிடக் கணிசமாக உயர்ந்திருந்தது. "உங்களுக்கு அறிவியல் நன்றாக வருகிறது, உளவியலுக்கு வேண்டிய மொழிநயம்தான் இன்னும் கைகூடவில்லை" என்று என் கல்வி ஆலோசகர் சொன்னார். அவர் நல்லவர். ஆனால் இரண்டு தாள்களின் வினா அமைப்பும் வேறு வேறாக இருக்கும்போது, வேறுபாட்டை மாணவியின் தலைக்குள் மட்டும் தேடுவதற்கு நம் துறையிலேயே ஒரு பெயர் உண்டு: அடிப்படைக் காரணக் கற்பிப்புப் பிழை. சமூக உளவியல் பாடத்தின் மூன்றாம் வாரத்தில் அதைப் படித்தோம்.

ஆகவே, வாசிப்பு வேகத்தை அளப்பது நோக்கமாக இல்லாத தேர்வுகளில் எல்லா மாணவர்களுக்கும் நேரத்தைத் தளர்த்துங்கள். வெளிநாட்டவருக்கு மட்டும் கூடுதல் நேரம் தாருங்கள் என்று கேட்கவில்லை. அது எங்களைத் தனி வரிசையில் நிறுத்தும், உள்ளூர் மாணவர்களுக்கு நியாயமாகவும் படாது. அறுபது வினாக்களை நாற்பதாகக் குறைத்து அதே ஒரு மணி நேரத்தைக் கொடுத்தால் யாருக்கும் சலுகை தர வேண்டிய தேவையே எழாது. வினாத்தாளை அச்சுக்கு அனுப்புமுன், படிப்பை முடித்த வெளிநாட்டு மாணவர் இருவரிடம் காட்டி, கருத்தைத் தாண்டி உள்ளூர்ப் பழக்கத்தைக் கேட்கும் வினாக்களைக் களைந்துவிடுங்கள். ஓர் அரைநாள் வேலை.

மொழி பற்றி இன்னும் ஒன்று. இரண்டாமாண்டு செய்முறை வகுப்பில் எண்வரிசை நினைவுச் சோதனையை ஒருவர்மீது ஒருவர் நடத்தினோம். என் இணையர் நொடிக்கு ஓர் எண்ணாக ஆங்கிலத்தில் வாசித்துக்கொண்டே போனார். நான் கேட்டு, மனத்துக்குள் திரும்பத் திரும்பச் சொல்லி, வரிசை மாறாமல் ஒப்பிக்க வேண்டும். ஆறு எண்கள் வரை தடையில்லை. ஏழில் தடுமாறினேன். என்ன நடக்கிறது என்று என்னையே கவனித்தபோது, காதில் ஆங்கிலத்தில் விழுந்த எண்கள் உள்ளே தமிழில் ஓடிக்கொண்டிருந்தன. ஆங்கிலத்தில் ஒன்று முதல் ஒன்பது வரை, ஏழைத் தவிர, எல்லாமே ஓரசைச் சொற்கள். உள்ளே நான் உருட்டிக்கொண்டிருந்ததோ இரண்டு, நான்கு, ஒன்பது. வாய்க்குள் சொல்லிப் பார்க்க எடுக்கும் நேரம் நீண்டால் நினைவில் தங்கும் எண்கள் குறையும் என்பது பழைய முடிவு: எல்லிஸ், ஹெனலி இருவரும் 1980இல் வேல்ஸ் நாட்டு மொழியான வெல்ஷும் ஆங்கிலமும் அறிந்த இருமொழியாளர்களிடம் இதைக் காட்டினார்கள். வெல்ஷ் எண்களைச் சொல்ல அதிக நேரம் ஆகிறது, அதனால் வெல்ஷில் நினைவு வீச்சு குறைகிறது. மனத்துக்குள் ஒப்பிப்பதைத் தடுத்துவிட்டால் அந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது. இதை என் ஆய்வறிக்கையின் விவாதப் பகுதியில் ஒரு பத்தியாக எழுதினேன். திருத்தியவர் ஓரத்தில் "பொருளுக்குப் புறம்பானது, சுருக்கவும்" என்று குறித்திருந்தார். வகுப்புச் சராசரிக்குக் கீழே இருந்த என் மதிப்பு, பெயர் நீக்கிய தரவுத்தாளில் ஒரு வரிசையாக இன்னும் இருக்கும். அந்த வரிசைக்குரியவர் எந்த மொழியில் எண்ணினார் என்பதைக் குறிக்க அதில் ஒரு கட்டம்கூட இல்லை. ஒரு கட்டம் சேர்க்கலாமே.

அறநெறி உளவியல் கருத்தரங்கில் நடந்ததை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. தண்டவாளத்தில் ஐவரை நோக்கி ஓடிவரும் டிராலி வண்டியை நிறுத்த ஒருவரைப் பாலத்திலிருந்து தள்ளிவிட்டால் அந்த ஐவரும் பிழைப்பார்கள், தள்ளுவீர்களா என்ற பழகிப்போன புதிரை ஆசிரியர் வைத்தபோது, தள்ளுவேன் என்று ஆங்கிலத்தில் தயக்கமின்றிச் சொன்னேன். அன்றிரவு அதே புதிரைத் தங்கைக்குத் தொலைபேசியில் தமிழில் விளக்கிக்கொண்டிருந்தபோது, "அந்த ஆளைத் தள்ளிவிடுவேன்" என்ற வாக்கியம் வாயைவிட்டு வர மறுத்தது. அந்நிய மொழியில் கேட்கும்போது மக்கள் அந்தத் தள்ளுதலுக்கு அதிகமாக ஒப்புக்கொள்கிறார்கள் என்று ஆல்பர்ட் கோஸ்டாவும் உடனாய்வாளர்களும் 2014இல் வெளியிட்டது பிறகுதான் தெரியவந்தது. என் ஒருத்தி அனுபவம் சான்றாகாது என்பதை அறிவேன். ஆனால் அந்தக் கருத்தரங்கில் இருந்த பதினாறு பேரில் ஐவர் அந்நிய மொழியில் பதில் சொன்னவர்கள். பாடத்திட்டத்தில் அந்த ஆய்வு இல்லை. அதற்கான தரவு மட்டும் அறைக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது.

இனி ஆய்வுப் பங்கேற்பு. எல்லாவற்றையும்விட என்னை அதிகம் உறுத்தியது இதுதான். முதலாண்டு மாணவர் ஒவ்வொருவரும் துறையில் நடக்கும் ஆய்வுகளில் சில மணி நேரம் பங்கேற்று அதற்கான கிரெடிட்டைச் சேர்க்க வேண்டும் என்பது விதி. பதிவுப் பட்டியலைத் திறந்தால் ஆய்வுகளின் பெயர்களுக்குக் கீழே நிபந்தனைகள் வரிசையாக நிற்கும்: வலது கைப் பழக்கம் உள்ளவர், பார்வைக் குறை இல்லாதவர், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர். மூன்றாவது நிபந்தனை ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருந்தது. எனக்குத் திறந்திருந்த ஆய்வுகள் விரல்விட்டு எண்ணத் தக்கவை. அவையும் காலை எட்டு மணிக்குள் நிரம்பிவிட்டன. மாற்று வழி உண்டு என்றார்கள். போதிய ஆய்வுகள் கிடைக்காதவர், வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரையைப் படித்து விமரிசனம் எழுதலாம். என் அறைத்தோழி அரைமணி நேரம் பொத்தானை அழுத்திப் பெற்ற கிரெடிட்டுக்காக நான் ஒரு வார இறுதி முழுக்க, இரண்டாவது மொழியில், கட்டுரை எழுதினேன்.

இந்த விதியை வகுத்த அதே துறைதான், அதே பருவத்தில், உளவியலின் மாதிரிச் சிக்கலை எங்களுக்கு உருக்கமாகக் கற்பித்தது. ஜெஃப்ரி ஆர்னெட் 2008இல் முன்னணி இதழ்களை ஆராய்ந்து, பங்கேற்பாளர்களில் 96 விழுக்காட்டினர் மேற்கத்தியத் தொழில்மய நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்று காட்டியதை நடத்தினீர்கள்; அந்நாடுகளில் வாழ்வோர் உலக மக்கள்தொகையில் ஏறக்குறைய 12 விழுக்காடுதான். ஹென்ரிக், ஹைன், நொரென்சயான் மூவரும் 2010இல் அந்தச் சிறு பகுதிக்குச் சூட்டிய 'வியர்ட்' என்ற பெயரைச் சொல்லிச் சிரிக்கவும் வைத்தீர்கள்: மேற்கத்திய, கல்வி பெற்ற, தொழில்மயமான, செல்வமுள்ள, மக்களாட்சிச் சமூகங்களின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் ஆங்கிலத்தில் 'விசித்திரம்' என்று பொருள்படும் சொல் வருகிறது. அந்த விரிவுரையில் நான் இரண்டாம் வரிசையில் இருந்தேன். மீதி 88 விழுக்காட்டில் ஒருத்தி. உலகெங்கும் போய் மாதிரி சேகரிப்பது செலவாகும், கடினம் என்று நீங்கள் சொன்னபோது, செலவே இல்லாமல், எங்கள் சொந்தப் பணத்தில் விமானம் ஏறி, உங்கள் ஆய்வுக்கூடத்துக்கு ஐம்பது படி தள்ளி வந்து உட்கார்ந்திருப்பவர்களைப் பதிவுப் பட்டியல் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. நாங்களும் கல்வி பெற்றவர்கள்தான், ஓரளவு வசதி உள்ளவர்கள்தான். எங்களைச் சேர்த்தால் உலகமே வந்துவிட்டதாக ஆகாது. இருந்தாலும் சுழியத்தைவிட அது மேல்.

எல்லா ஆய்வுகளும் எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று கேட்க மாட்டேன். சொற்களை இனங்காணும் நேரத்தை மில்லிநொடியில் அளப்பவர் தாய்மொழியாளரை மட்டும் எடுப்பதில் குற்றம் இல்லை. கேட்டலின் எண்களே அதற்குப் போதிய நியாயம். ஆனால் முகங்களை நினைவில் வைத்தல், புதிர்வழியில் திசை அறிதல், திரையில் ஒளிரும் புள்ளியைத் தேடுதல் ஆகியவற்றுக்கும் அதே நிபந்தனை ஏன்? முந்தைய ஆய்வின் படிவத்தை நகலெடுக்கும்போது கூடவே ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது என்று ஒரு முனைவர் பட்ட மாணவர் என்னிடம் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். கண்ணால் காண்பது எல்லாருக்கும் ஒன்றுதானே, யாரை எடுத்தால் என்ன என்ற வாதமும் நிற்காது. இரு முனைகளிலும் அம்புத்தலை வரைந்த சம நீளக் கோடுகள் நீளம் மாறித் தெரியும் முல்லர்-லையர் மாயையை சீகல், கேம்பெல், ஹெர்ஸ்கோவிட்ஸ் மூவரும் பல சமூகங்களில் சோதித்து 1966இல் வெளியிட்டதை நீங்கள்தான் நடத்தினீர்கள்: அமெரிக்காவின் எவன்ஸ்டன் நகரத்தாரிடம் மிக வலுவாக இருந்த மாயை, கலஹாரியின் சான் மக்களிடம் ஏறக்குறைய இல்லவே இல்லை. நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பும் விண்ணப்பத்தில், ஒவ்வொரு விலக்கு நிபந்தனைக்கும் எதிரே ஏன் என்று இரண்டு வரி எழுதச் செய்யுங்கள். காரணம் இருப்பவர் எழுதிவிடுவார். இல்லாதவர் நிபந்தனையை எடுத்துவிடுவார். தலைத்தோலில் மின்முனைகளை வைத்து மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி. ஆய்வுகளில் அடர்ந்த சுருட்டை முடி உள்ளவர்களைச் சத்தமில்லாமல் ஒதுக்கும் வழக்கத்துக்கும் இதே இரண்டு வரி பொருந்தும். மின்முனை தோலைத் தொடுவதற்கு முடியை வகிர்ந்துவிடும் பொறுமையும் கூடுதல் பத்து நிமிடமும் தேவைப்படலாம், அவ்வளவுதான்.

என் இறுதியாண்டு ஆய்வைத் தாய்மொழியிலும் ஆங்கிலத்திலும் இணையாக நடத்த விரும்பியபோது, பங்கேற்பாளர்களுக்குக் காட்டும் தூண்டல் சொற்றொடர்களைச் சரிபார்க்கத் துறையில் யாரும் இல்லை என்று மறுத்துவிட்டார்கள். ஒருவர் மொழிபெயர்க்க, மூலத்தைப் பாராத இன்னொருவர் திருப்பி மொழிபெயர்த்து ஒப்பிடும் முறையை பிரிஸ்லின் 1970இலேயே விரிவாக எழுதியிருக்கிறார். வளாகத்திலேயே அந்த மொழி தெரிந்த இருவர் கிடைத்திருப்பார்கள். இதை வற்புறுத்தும் துணிச்சல் அன்று எனக்கு இல்லை.

வரவேற்பு வாரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெளிநாட்டு மாணவர் கையேட்டின் நான்காம் பக்கத்தில் ஒரு வளைகோடு இருக்கிறது. முதலில் தேனிலவுக் காலம், பிறகு சரிவு, பிறகு மீட்சி. நோர்வே நாட்டிலிருந்து அமெரிக்கா சென்று திரும்பிய ஃபுல்பிரைட் உதவித்தொகையாளர்களைக் கேட்டு லிஸ்கார்ட் 1955இல் முன்வைத்த கருத்து அது. நியூசிலாந்துக்கு வந்த ஜப்பானிய மாணவர்களை வந்திறங்கிய நாள் தொடங்கி ஓராண்டு பின்தொடர்ந்த கொலீன் வார்டும் உடனாய்வாளர்களும் 1998இல் அந்த வளைகோட்டுக்கு ஆதரவு கிடைக்கவில்லை என்று காட்டினார்கள். மனத்துயரம் தொடக்கத்திலேயே மிக அதிகமாக இருந்தது. என் முதல் இரவில் தேனிலவு எதுவும் இல்லை. போர்வை இன்னும் வரவில்லை, மேலங்கியைப் போர்த்திக்கொண்டு படுத்தேன், சுவரில் இருந்த வெப்பமூட்டியை எப்படித் திருகுவது என்று தெரியவில்லை. மறுநாள் கையேட்டைத் திறந்து பார்த்து, மகிழ்ச்சியாக இருக்க வேண்டிய கட்டத்தில் அழுகிறோமே, நம்மிடம்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். உளவியல் துறை கையெழுத்திட்டு வெளியிடும் கையேடு அது. அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள். ஆலோசகரைச் சந்திக்கும் நேரத்தை ஆறாம் வாரத்துக்குத் தள்ளாமல் முதல் வாரத்திலேயே வையுங்கள்.

கடைசியாக, சேர்க்கைக்கு முன்பே சொல்லப்பட வேண்டிய செய்தி. இந்தப் படிப்பின் விளம்பரத் தாளில் புன்னகைக்கும் பட்டதாரிகளின் கீழே 'உளவியலாளர்', 'நரம்பறிவியலாளர்' என்று அச்சிட்டிருக்கிறது. இளநிலைப் பட்டம் மட்டும் பெற்றவர் பெரும்பாலான நாடுகளில் உளவியலாளராகப் பதிவு செய்ய முடியாது. முதுநிலையோ முனைவர் பட்டமோ, மேற்பார்வையின்கீழ்ப் பயிற்சியோ, உரிமமோ வேண்டும். அங்கீகாரமும் எல்லை கடந்தால் பொருள் மாறும். பிரிட்டிஷ் உளவியல் சங்கம் அங்கீகரித்த பட்டம் அந்நாட்டில் மேற்பயிற்சிக்கான அடிப்படைத் தகுதியைத் தருகிறது; இன்னொரு நாட்டின் பதிவு வாரியம் அதை அப்படியே ஏற்கக் கடமைப்பட்டதல்ல. அமெரிக்க உளவியல் சங்கமோ இளநிலைப் பட்டங்களுக்கு அங்கீகாரம் வழங்குவதே இல்லை. எங்களுடையதைப் போன்ற இணைப் படிப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு: நரம்பறிவியல் தாள்களுக்கு இடம் தருவதற்காக உளவியலின் கட்டாயத் தாள் ஒன்றை விட்டுவிட்டால், பின்னாளில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது அந்த ஒரு தாளைக் கேட்பார்கள். இரண்டாமாண்டில் ஆளுமை உளவியலை விட்டுவிட்டு மூளைப் படமாக்கலை எடுத்தேன். எடுத்ததில் வருத்தமில்லை, அந்தப் பாடத்தை இன்றும் நேசிக்கிறேன். ஆனால் அதன் விலை என்ன என்பதைப் பதிவுப் படிவம் சொல்லவில்லை, மூத்த மாணவி ஒருவர் தேநீர் இடைவேளையில் சொல்லித்தான் தெரிந்தது. அதற்குள் மாற்றிக்கொள்ளும் கெடு முடிந்திருந்தது.

ஆய்வுக்கூட அனுபவம் இல்லாமல் மேற்படிப்பு கிடைப்பது அரிது என்கிறீர்கள். உண்மைதான். ஆனால் பல நாடுகளில் மாணவர் விசா வேலை நேரத்துக்கு வரம்பு வைக்கிறது; கோடை ஆய்வு உதவித்தொகைகளில் பலவும் குடிமக்களுக்கானவை. எடுத்துக்காட்டாக, அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை பணம் தரும் இளநிலை மாணவர் கோடை ஆய்வுத் திட்டங்களில் உதவித்தொகை பெற, அந்நாட்டின் குடிமக்களாகவோ நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களாகவோ இருக்க வேண்டும். மீதி இருப்பது ஊதியமில்லாத தன்னார்வப் பணி, அதுவும் வீட்டில் பணம் கேட்டு வாங்கக் கூடியவர்களுக்கு. துறைக்கென்று இருக்கும் சிறு நிதியில் ஆண்டுக்கு இரண்டு இடங்களையாவது குடியுரிமை நிபந்தனை இல்லாமல் திறக்க முடியுமா என்று பாருங்கள். முடியாது என்றால் அதையும் சேர்க்கைத் தாளில் எழுதுங்கள். தெரிந்துகொண்டு வருகிறவர் வேறு வழி தேடிக்கொள்வார்.

அடுத்த கல்வியாண்டு தொடங்கும்போது நான் இங்கே இருக்க மாட்டேன். ஆகவே நீங்கள் நான் இல்லாமலே செய்யக் கூடிய ஒரு சிறு செய்முறையை இந்த மடலோடு இணைத்திருக்கிறேன். முதலாண்டின் முதல் செய்முறை வகுப்பில், பாடநூலின் ஒரு பக்கத்தை ஒவ்வொரு மாணவரும் சத்தமாக வாசிக்கட்டும்; இன்னொருவர் கைபேசியில் நேரம் குறிக்கட்டும். பிறகு அவரவர் தாய்மொழியில் அதே அளவு சொற்கள் கொண்ட ஒரு பக்கம். நொடிகளைச் சொற்களால் வகுத்துப் பலகையில் எழுதினால் போதும். கேட்டல் 1886இல் அச்சிட்ட எண்களுக்குப் பக்கத்தில் உங்கள் வகுப்பின் எண்கள் நிற்கும். உள்ளூர் மாணவர்களுக்கும் இது பயன்படும். அவர்களில் பலர் பள்ளியில் படித்த இரண்டாம் மொழியை வாசித்துப் பார்த்து அதிர்ந்து போவார்கள். தரவுத்தாளில் தாய்மொழிக்கான கட்டம் வரைந்திருக்கிறேன். ஒப்புதல் படிவம் ஒரு பக்கம். பங்கேற்க விரும்பாதவர் எந்த நேரத்திலும் காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம் என்ற வரி அதில் உண்டு. விலக்கு நிபந்தனைகள் என்ற தலைப்பின் கீழ் எதுவும் எழுதவில்லை.

பணிவுடன்,
இறுதியாண்டு மாணவி
உளவியல், நரம்பறிவியல் இணைப் பட்டப் படிப்பு